வினாவால் உயர்ந்த மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி

முன்னுரை

ஆட்சியதிகாரம் ஆள்வோரின் உடைமையன்று. மக்கள் நம்பி ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைப் பெற்றுக்கொண்டவர் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்து நிகழ்ச்சியொன்றை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்துள்ளனர். மக்கள் அனைவர்க்கும் ஆளுக்கு ஒரு துணியாகப் பங்கிடப்பட்டிருந்த காலம். உயரமான மேனியுடைய கலீஃபா அவர்கள் ஒரு துணியில் அமையாத நீண்ட அங்கியணிந்து பள்ளிவாசலில் உரை நிகழ்த்த எழுந்தார்கள். கூட்டத்திலிருந்த ஒருவர், கூடுதல் துணி எங்கிருந்து வந்தது என்று அங்கேயே கேட்டார். கலீஃபா சினங்கொள்ளவில்லை. தம் மகன் அப்துல்லாஹ்வை (ரலி) விடை கூறச் செய்தார்கள். தமக்குக் கிடைத்த பங்கைத் தந்தைக்கு வழங்கியதாக மகன் சான்றுரைத்த பின்னரே உரை தொடர்ந்தது.

கேட்டவர் குடிமகன், விடையளித்தவர் பேரரசின் தலைவர். கேட்பது அவமதிப்பாகக் கருதப்படவில்லை. விடை சொல்வதும் இழிவாகக் கருதப்படவில்லை. இன்றைய மக்களாட்சியில் இந்த உரிமையைக் குடிமக்களின் சார்பில் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வினாக்களின் வாயிலாகச் செலுத்துகின்றனர். அவ்வுரிமையை இந்திய நாடாளுமன்றத்தில் முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன் என்றும், இந்திரா காந்தியின் கணவர் என்றும் மட்டுமே இன்றைய மாணவர் பலர் அவரை அறிந்துள்ளனர். அவர் தம் உழைப்பால் தேடிக்கொண்ட புகழ் வேறு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

பெரோஸ், 1912ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர், கப்பல் துறைப் பொறியாளர். ஐந்து மக்களுள் பெரோஸே இளையவர். அலகாபாத் நகரில் லேடி டஃபரின் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய அத்தையின் ஆதரவில் அவர் வளர்ந்தார். பள்ளிக் கல்விக்குப்பின் அந்நகரின் யூயிங் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார்.

1930ஆம் ஆண்டில் அக்கல்லூரி வாயிலில் மகளிர் மறியல் செய்தனர். முன்னின்று நடத்தியவர் ஜவஹர்லால் நேருவின் துணைவியார் கமலா. கடும் வெயில் தாளாது அவர் மயங்கி விழ, ஓடிச்சென்று உதவிய மாணவர்களுள் பெரோஸும் ஒருவர். அன்று தொடங்கிய தொடர்பு அவருடைய வாழ்க்கையின் போக்கையே மாற்றியது. கல்லூரிப் படிப்பைத் துறந்து விடுதலைப் போரில் குதித்தார். பைசாபாத் சிறையில் பத்தொன்பது திங்கள் அடைபட்டிருந்தபோது, பின்னாளில் நாட்டின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரியும் அங்கே சிறைத்தோழராக இருந்தார். வெளிவந்தபின் ஐக்கிய மாகாண உழவர்களின் வரிகொடா இயக்கத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை புகுந்தார்.

பின்னர் இங்கிலாந்து சென்று லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பயின்றார். இக்கல்வி அவர் வாழ்வில் வீண்போகவில்லை. நிறுவனங்களின் கணக்கேடுகளையும் பங்குச்சந்தை விலைப் பட்டியல்களையும் படித்துப் பொருள் காணும் திறன் பின்னாளில் அவருக்குப் படைக்கலமாய் அமைந்தது. 1942 மார்ச் 26ஆம் நாள் அவருக்கும் இந்திராவுக்கும் திருமணம் நடைபெற்றது. அதே ஆண்டில் எழுந்த வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இருவருமே சிறை சென்றனர். விடுதலைக்கு முந்திய ஆண்டில் லக்னோ நகரில் நேஷனல் ஹெரால்ட் நாளிதழின் மேலாண்மைப் பொறுப்பை ஏற்றார். 1950இல் இடைக்கால நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார். 1952இலும் 1957இலும் ரேபரேலித் தொகுதி மக்கள் அவரை மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தனர்.

வினா என்னும் கருவி

பெரோஸ் காந்தியின் நாடாளுமன்றப் பணியை உணர்ந்துகொள்வதற்கு, அவர் கையாண்ட கருவியின் தன்மையை அறிதல் வேண்டும். ஆங்கில நாடாளுமன்ற வரலாற்றில் பதிவாகியுள்ள முதல் வினா 1721ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் எழுப்பப்பட்டதாகும். தென்கடல் கம்பெனி என்னும் நிறுவனத்தின் பங்குகளை நம்பி எண்ணற்ற குடும்பங்கள் பணத்தை இழந்திருந்த நேரம் அது. அந்நிறுவனத்தின் தலைமைக் காசாளர் நாட்டைவிட்டு ஓடிப்போய் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிடிபட்டதாக வந்த செய்தி மெய்தானா என்று கௌப்பர் பிரபு அரசைக் கேட்டார். நாடாளுமன்ற வினா பிறந்ததே மக்கள் பணத்திற்குக் கணக்குக் கேட்பதற்காகத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் இவ்வுரிமை எளிதில் வந்துவிடவில்லை. 1861ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சபைகளில் உறுப்பினர் வினாத் தொடுக்க இயலாது. 1892ஆம் ஆண்டின் சட்டமே முதன்முதலில் அவ்வுரிமையை வழங்கியது. அப்போதும் ஒரு வினாவுக்கு ஒரு விடை என்பதோடு நின்றது. விடையிலிருந்து கிளைக்கும் துணை வினாவை எழுப்பும் உரிமை 1909இல், அதுவும் முதல் வினாவைக் கேட்டவர்க்கு மட்டும், கிடைத்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே எல்லா உறுப்பினரும் துணை வினாத் தொடுக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. வாய்மொழி விடையை விரும்புவோர் தம் வினாவுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கமும் அக்காலத்தே தோன்றியது.

இன்றும் அம்முறையே நிலவுகிறது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் எழுந்து விடை கூற வேண்டும். அதன்மேல் துணை வினாக்கள் எழும். குறியிடப்படாத வினாவுக்கு விடை எழுத்து வடிவில் அவையின் மேசைமேல் வைக்கப்படும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 வினாக்கள் வாய்மொழி விடைக்கும், 230 வினாக்கள் எழுத்து விடைக்கும் பட்டியலிடப்படுகின்றன. வினாவில் வாதம், ஊகம், ஏளனம், பழிச்சொல் ஆகியவற்றுக்கு இடமில்லை. அளவோடு, செய்தியை மட்டுமே கேட்டல் வேண்டும்.

எழுத்து விடையால் என்ன பயன் என்று சிலர் எண்ணக்கூடும். அதில் ஆரவாரம் இல்லை; கைதட்டலும் இல்லை. ஆனால் பேச்சு காற்றோடு போகும். எழுத்து நிலைத்து நிற்கும். எத்தனை ரூபாய், எந்த நாளில், எவர் கட்டளையால் என்று கேட்ட வினாவுக்கு அரசு எழுதித் தந்த விடை, அவைக் குறிப்பில் என்றென்றும் இருக்கும். அவ்விடை மெய்யாயின் அடுத்த வினாவுக்கு அடிப்படையாகும். பொய்யாயின் பொய்யுரைத்தவர்க்கு எதிரான சான்றாகும். ஆய்ந்து கொடுப்பதாக அமைச்சர் வாக்களித்துவிட்டு மறந்துவிடாதிருக்க, அரசின் உறுதிமொழிகளைப் பின்தொடர்வதற்கென்றே 1953இல் ஒரு குழுவும் மக்களவையில் அமைக்கப்பட்டது. ஆதலால் நல்ல உறுப்பினர் ஒரு வினாவோடு ஓய்வதில்லை. ஒரு விடையைப் படியாக்கி அடுத்த வினாவுக்கு ஏறுகிறார்.

முதல் முழக்கம்

நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி தொடக்க ஆண்டுகளில் அதிகம் பேசியவர் அல்லர். பின்வரிசையில் அமர்ந்து பிறர் பேச்சைக் கேட்டார்; அறிக்கைகளைப் படித்தார். 1955 டிசம்பரில் காப்பீட்டுச் சட்டத் திருத்தத்தின்மீது அவர் பேச எழுந்தபோதுதான் அத்தனை நாள் மௌனத்தின் பொருள் விளங்கிற்று. ராமகிருஷ்ண டால்மியா அன்றைய இந்தியாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். அவருடைய ஆளுகையிலிருந்த பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் பணம் எவ்வாறு பிற வழிகளில் திருப்பிவிடப்பட்டது என்பதைக் கணக்கு விவரங்களோடு அவர் அவையின்முன் விரித்துரைத்தார். பாலிசிதாரர்கள் கட்டிய பணம், செல்வர் ஒருவரின் சூதாட்டத்திற்கு முதலாகியிருந்தது.

விளைவுகள் தொடர்ந்தன. டால்மியா மீது வழக்கு நடந்தது. இரண்டாண்டுச் சிறைத் தண்டனையை 1962இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. டால்மியா - ஜெயின் நிறுவனங்களை ஆராய்வதற்கு 1956இல் தனி விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெறுவதற்கும் அவருடைய பேச்சு துணைசெய்தது. 1956 ஜனவரியில் அவசரச் சட்டம் பிறந்தது. 245 நிறுவனங்களின் ஆயுள் காப்பீட்டுப் பணி ஒன்றாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது.

செய்தித்தாளுக்கு ஒரு கவசம்

அதே 1956ஆம் ஆண்டில் அவர் செய்த மற்றொரு பணி பலரும் அறியாதது. நாடாளுமன்றத்தினுள் உறுப்பினர் எதனையும் அச்சமின்றிக் கேட்கலாம். அதற்காக நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குத் தொடர இயலாது. ஆனால் அதே வினாவையும் விடையையும் வெளியிடும் செய்தித்தாளுக்கு அத்தகைய முழுப் பாதுகாப்புக் கிடையாது. செல்வர் ஒருவர் அவதூறு வழக்குத் தொடர்ந்தால் பத்திரிகை ஆசிரியர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். அவையில் ஒலிக்கும் வினா நான்கு சுவர்களுக்குள் அடங்கிப் போனால் மக்களுக்கு அதனால் என்ன பயன்?

இக்குறையைப் போக்கப் பெரோஸ் காந்தி தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பெரும்பாலும் உண்மையாகவும், தீய நோக்கமின்றியும், பொதுநன்மை கருதியும் வெளியிடுவோர்க்குச் சட்டப் பாதுகாப்பளிப்பதே அதன் சாரம். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது அரிது. அவ்வரிய பேற்றைப் பெற்ற இம்மசோதா, நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டமாக நிறைவேறியது. ஒன்றரை ஆண்டுக்குள் அச்சட்டத்தின் பயனை நாடு கண்கூடாகக் கண்டது.

முந்த்ரா விவகாரம்

நாட்டுடைமையாக்கப்பட்டதோடு ஆயுள் காப்பீட்டுப் பணத்திற்கு ஆபத்து நீங்கிவிட்டது என்றே பலரும் நம்பினர். அந்த நம்பிக்கை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ஹரிதாஸ் முந்த்ரா என்பவர் கல்கத்தாவைச் சேர்ந்த வணிகர். பங்குச்சந்தையில் துணிந்து விளையாடியவர். கடன் சுமையில் அவர் சிக்கித் தவித்த வேளையில், 1957 ஜூன் இறுதியில், அவர் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. முதலீடுகளைப் பற்றி அறிவுரை கூறுவதற்கென்றே கழகத்தில் ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அக்குழுவைக் கலந்துகொள்ளாமலேயே பங்குகள் வாங்கப்பட்டன.

இந்தப் பணம் யாருடையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாம் கண்மூடிய பின் மனைவி மக்கள் பிறர் கையை எதிர்பார்த்து நிற்றலாகாது என்று எழுத்தரும் ஆசிரியரும் சிறுவணிகரும் மாதந்தோறும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியம் அது. கைம்பெண்களுக்கும் தந்தையை இழந்த குழந்தைகளுக்கும் உரிய சேமிப்பு. அநாதைகளின் பொருளைப் பேணுவதில் திருமறை விதித்துள்ள கடுமையான எச்சரிக்கையை அறிந்தோர்க்கு, இப்பணத்தைக் கையாள்வோரின் பொறுப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

செய்தி மெல்லக் கசிந்தது. 1957 செப்டம்பர்த் தொடக்கத்தில் டாக்டர் ராம் சுபக் சிங் இதுகுறித்து மக்களவையில் வினாத் தொடுத்தார். அவரும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரே. நிதித்துறையின் சார்பில் அளிக்கப்பட்ட விடை, நடந்தது முழுவதையும் அவையின்முன் வைக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் விடை கூறி, கேளாததை மறைத்துக்கொள்ளும் விடை அது. இத்தகைய விடையைக் கண்டு பல உறுப்பினர்கள் ஓய்ந்துவிடுவர். பெரோஸ் காந்தி ஓயவில்லை. விடையில் எது சொல்லப்படவில்லை என்பதை அவர் தேடத் தொடங்கினார்.

நவம்பர் இறுதியில் வினா மீண்டும் அவைக்கு வந்தது. இம்முறை துணை வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டன. அரசுத் தரப்பு விடைகள் ஐயத்தைத் தீர்ப்பதற்கு மாறாக வளர்த்தன. இதற்கிடையில் பெரோஸ் காந்தி பங்குச்சந்தை விலைகளையும் கழகத்தின் ஆவணங்களையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டு வந்தார். டிசம்பர் 16ஆம் நாள் மக்களவையில் விவாதம் எழுந்தபோது, அவர் கையில் ஊகம் எதுவும் இல்லை, எண்களே இருந்தன. சந்தையில் நிலவிய விலையினும் கூடுதலான விலைக்குப் பங்குகள் வாங்கப்பட்டதை நிறுவனம் நிறுவனமாக எடுத்துக்காட்டினார். பங்குச்சந்தையைத் தாங்கி நிறுத்துவதற்காக வாங்கினோம் என்னும் வாதம் ஒரு தனிமனிதரின் பங்குகளை மட்டும் வாங்கியதற்கு எவ்வாறு பொருந்தும் என்பதே அவர் எழுப்பிய அடிப்படை வினா. அதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. விசாரணைக்கு அரசு இசைய வேண்டியதாயிற்று.

அப்போது நிதியமைச்சராக இருந்தவர் தமிழகத்தின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. தொழில் துறையிலும் நிதித் துறையிலும் ஆழ்ந்த புலமை உடையவர், அரசியல் நிர்ணய சபையில் வரைவுக் குழுவின் உறுப்பினராக அரசியலமைப்பு உருவாக உழைத்தவர், நேருவின் நம்பிக்கைக்குரியவர். அத்தகையவரை எதிர்த்து நின்றவர் அதே நேருவின் மருமகன். வீட்டு உறவும் கட்சிக் கட்டுப்பாடும் ஒருபுறம். ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு மறுபுறம். பெரோஸ் காந்தி தெரிந்தெடுத்த பக்கம் எது என்பதை வரலாறு பதிந்து வைத்துள்ளது.

சக்ளாவின் தீர்ப்பு

1958 ஜனவரியில் விசாரணைப் பொறுப்பு பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி முகம்மதலி கரீம் சக்ளாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் செய்த முதல் நற்செயல், விசாரணையைத் திறந்த மன்றத்தில் நடத்தியதாகும். இடம் கிடைக்காத மக்களும் கேட்கும்வண்ணம் வெளியே ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. அமைச்சரும் நிதித்துறைச் செயலாளர் எச்.எம். பட்டேலும் கழகத்தின் உயர் அலுவலர்களும் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சியம் அளித்தனர். விசாரணை நீட்டிக்கப்படவில்லை. பிப்ரவரியிலேயே அறிக்கை அரசின் கையில் இருந்தது.

பங்குகள் வாங்கியது வணிக நெறிக்கு ஏற்றதன்று என்று சக்ளா கண்டார். செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பு நெறிப்படி பொறுப்பாளி. அலுவலர் செய்ததை யான் அறியேன் என்று அமைச்சர் ஒதுங்க இயலாது என்று உரைத்தார். இவற்றோடு நம் பொருளுக்கு நேரே தொடர்புடைய மற்றொரு நெறியையும் அவர் வகுத்தார். அமைச்சர்கள் நாடாளுமன்றத்தைத் தொடக்கத்திலேயே நம்பிக்கைக்குரியதாகக் கொண்டு, தொடர்புடைய செய்திகள் அனைத்தையும் அதன்முன் வைத்தல் வேண்டும் என்பதே அது. செப்டம்பரில் கேட்ட முதல் வினாவுக்கே ஒளிவுமறைவற்ற விடை வந்திருப்பின், அரசுக்கு இத்தனை இழிவு நேர்ந்திராது என்பது இதனால் பெறப்படும் படிப்பினை.

பிப்ரவரித் திங்களிலேயே கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் நிதிமுறைகேடு ஒன்றின் காரணமாக நிதியமைச்சர் விலகிய முதல் நிகழ்ச்சி அதுவேயாகும். பிற்காலத்தில் அவர் மீண்டும் நடுவண் அமைச்சரானார். எச்.எம். பட்டேலும் 1977இல் நிதியமைச்சராக அமர்ந்தார். தனிமனிதர்களை அழிப்பது வினாவின் நோக்கமன்று. பொறுப்பை நிலைநாட்டுவதே அதன் நோக்கம் என்பதற்கு இவர்களின் பிற்கால வாழ்வே சான்று. நீதிபதி சக்ளா 1963இல் நாட்டின் கல்வியமைச்சரானதையும் இங்கு நினைவுகூரலாம்.

நாடாளுமன்றத்தில் நடந்த வினா விடைகளும் விவாதமும் நாள்தோறும் செய்தித்தாள்களில் விரிவாக வெளியாயின. ஆசிரியர்கள் வழக்குக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஈராண்டுக்கு முன் பெரோஸ் காந்தி நெய்து வைத்த கவசம் அவர்களைக் காத்தது.

தன்னவர் பிறர் என்னும் வேற்றுமை இன்மை

பெரோஸ் காந்தியின் நேர்மைக்கு மற்றொரு சான்றும் உண்டு. டாட்டா நிறுவனம் இரயில் எஞ்சின்களை உற்பத்தி செய்து அரசுக்கு விற்று வந்தது. அவ்விலை ஜப்பானிய எஞ்சின்களின் விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருப்பதை எடுத்துக்காட்டி, அத்தொழிலை நாட்டுடைமையாக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். டாட்டா குடும்பத்தார் பார்சிகள்; அவரும் பார்சி. எண்ணிக்கையில் மிகச் சிறிய அச்சமூகம் தன் பெருமையின் அடையாளமாகக் கருதிய நிறுவனம் அது. சமூகத்தாரின் மனக்குறைக்கு ஆளாக நேரிட்டபோதும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தமக்கோ, பெற்றோருக்கோ, நெருங்கிய உறவினர்க்கோ எதிராக அமையினும் நீதியில் நிலைத்து நின்று சான்று பகர வேண்டும் என்பது நமக்கு விதிக்கப்பட்ட நெறி. அந்நெறியை நம் மார்க்கத்தைச் சாராத ஒருவர் தம் வாழ்வில் நடத்திக் காட்டியுள்ளார். பிறர் குற்றத்தைக் கேட்பது எளிது. தம்மவர் குற்றத்தைக் கேட்பதே அரிது. எதிர்க்கட்சியில் அமர்ந்து ஆளுங்கட்சியைக் கேட்பவர் தம் கடமையைச் செய்கிறார். ஆளுங்கட்சியில் அமர்ந்து கேட்பவரோ தம் எதிர்காலத்தையே பணயம் வைக்கிறார். பெரோஸ் காந்தி ஒருபோதும் அமைச்சராகவில்லை என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மறைவும் அதன் பின்னும்

1958இல் அவரை இதயநோய் தாக்கியது. உடல் தளர்ந்தும் பணியைக் குறைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை நோய் தாக்க, 1960 செப்டம்பர் 8ஆம் நாள் புதுதில்லி வெலிங்டன் மருத்துவமனையில் உயிர் நீத்தார். நாற்பத்தெட்டாம் பிறந்த நாளுக்கு இன்னும் நான்கே நாட்கள் இருந்தன. அலகாபாத்திலுள்ள பார்சி அடக்கவிடத்தில் அவருடைய சாம்பலின் ஒரு பகுதி வைக்கப்பட்டுள்ளது. ரேபரேலியில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி இன்றும் இயங்கி வருகிறது.

அவர் இயற்றிய சட்டத்தின் கதை அவரோடு முடியவில்லை. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின், 1976இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கிய அரசின் தலைமையில் இருந்தவர் அவருடைய துணைவியார் இந்திரா காந்தி என்பது வரலாற்றின் விந்தை. 1977இல் ஆட்சி மாறியதும் அச்சட்டம் மீண்டும் உயிர் பெற்றது. 1978ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காம் திருத்தத்தின் வாயிலாக அப்பாதுகாப்பு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. ஒரு பின்வரிசை உறுப்பினர் தனியே கொண்டுவந்த மசோதா, நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் வேரூன்றிவிட்டது.

இன்றைய நிலை

வினா உரிமை இன்றும் நம்மிடம் இருக்கிறது. எனினும் அது பழுதடையக் கூடியது. பணம் பெற்றுக்கொண்டு வினாக்களைத் தொடுக்க முன்வந்த குற்றத்திற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளையும் சேர்ந்த 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டனர். மக்கள் பொருளைக் காப்பதற்குப் பிறந்த கருவியே விலைபொருளானது வேதனைக்குரியது. 2020 செப்டம்பரில், கொரோனாத் தொற்றின் காரணமாகக் கூடுதல் கட்டுப்பாடுகளுடன் நாடாளுமன்றம் கூடியபோது கேள்வி நேரம் நடைபெறவில்லை. எழுத்து விடைக்குரிய வினாக்களுக்கு மட்டுமே இடமளிக்கப்பட்டது. எழுத்து விடை பயனுடையதே. ஆனால் மறைத்துக் கூறும் விடையை அப்பொழுதே மடக்குவதற்குத் துணை வினாவும் வேண்டும் என்பதை 1957ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் நமக்குக் காட்டுகின்றன.

உறுப்பினர்கள் மட்டுமன்றிக் குடிமக்களும் அரசைக் கேட்கலாம் என்னும் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் ஏற்படுத்தியது. பள்ளிவாசலில் எழுந்து நின்று கலீஃபாவைக் கேட்ட அந்தச் சாமானியரின் உரிமை, சட்ட வடிவில் நம் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் உரிமை வந்துவிட்டால் போதாது. கேட்கத் தெரிதலும் வேண்டும்.

முடிவுரை

பெரோஸ் காந்தியின் வாழ்விலிருந்து மாணவச் செல்வங்கள் கற்கத்தக்கவை மூன்று. முதலாவது உழைப்பு. கேட்பதற்கு முன் அவர் கற்றார். எண்களைத் தொகுத்து, ஒப்பிட்டு, ஐயம் நீங்கத் தெளிந்த பின்னரே எழுந்து நின்றார். இரண்டாவது பொறுமை. முதல் விடையில் அவர் மயங்கவில்லை. அவ்விடையில் எது விடுபட்டது என்று ஆராய்ந்து அடுத்த வினாவை அமைத்தார். மூன்றாவது நடுவுநிலைமை. உறவு, கட்சி, சமூகம் ஆகிய மூன்றும் குறுக்கே நின்றபோதும் அவர் வினா வளையவில்லை.

நாளை இக்கல்லூரியின் மாணவர் சிலர் ஊராட்சி மன்றங்களிலும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அமரக்கூடும். வேறு சிலர் அரசு அலுவலர்களாகி வினாக்களுக்கு விடை எழுதும் இடத்தில் இருக்கக்கூடும். பலர் ஜமாஅத்துகளிலும் அறக்கட்டளைகளிலும் பொதுப்பணத்தைக் கையாளும் பொறுப்பை ஏற்கக்கூடும். கேட்கும் இடத்தில் இருப்போர் தம்மவரையும் கேட்கும் துணிவைப் பெறுக. விடை கூறும் இடத்தில் இருப்போர் கேளாததையும் சேர்த்து உண்மையை உரைக்கும் பண்பைப் பெறுக. அமானிதம் காக்கப்படுவது இவ்விரண்டினாலேயே ஆகும்.